கொழும்புக் களிமண், அரை நிழல் வளவு: எதை நடலாம், எதை விடலாம்

ஊரிலிருந்து வரும்போது அம்மா ஈரச் சாக்கில் சுற்றி ஒரு முருங்கைத் தடி கொண்டுவந்தார். கிருலப்பனையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பேர்ச்சஸ்கூட வராத ஒரு துண்டு நிலம் இருக்கிறது. மண் சிவப்பு. அதைப் பார்த்ததுமே "எங்கட செம்மண் மாதிரியே கிடக்கு" என்று சொல்லி அன்றைக்கே நட்டுவிட்டார். பதினைந்து நாளில் துளிர்த்தது. பிறகு மே மாத மழை பிடித்தது, ஒரு கிழமைக்குள் துளிர் கறுத்தது, தடியைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. அடி கூழாகிப்போய் நாற்றம் வேறு.

பிழை முருங்கையிலும் இல்லை, அம்மாவிலும் இல்லை. நிறம்தான் ஏமாற்றியது. யாழ்ப்பாணத்துச் செம்மண் சுண்ணாம்புக்கல்லுக்கு மேல் இருக்கிறது, எவ்வளவு ஊற்றினாலும் கீழே இறங்கிவிடும், அங்கே பெரும்பாலான மழை ஒக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். கொழும்பில் வருடத்துக்குச் சராசரி 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை, அதுவும் ஏப்ரல் மே ஒரு தடவை, ஒக்டோபர் நவம்பர் இன்னொரு தடவை என்று இரண்டு முறை போட்டு அடிக்கும். இங்கேயுள்ள சிவப்பு மண் கபுக் கல் (மதில் கட்டுகிற செம்பூரான் கல்) உடைந்து உண்டான மண். களித்தன்மை கூட, புளிப்பும் கூட. அதுவும் தாழ்வான பக்கமென்றால் அந்தச் சிவப்பு மேல்தோல் மட்டும்தான். முன்பு வயலாகவோ சதுப்பாகவோ கிடந்த இடத்தில் லொறியில் கொண்டுவந்து கொட்டி நிரப்பியிருப்பார்கள், ஒன்றிரண்டு அடி தோண்டினால் சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று வேறொரு மண் வரும்.

ஆகவே ஊரில் பழகிய கைப்பழக்கத்தை முதலில் ஒரு பக்கம் வையுங்கள். இந்த மண்ணை மாற்றிக் காட்டுகிறேன் என்று நிற்கிறவர் பணத்தையும் முதுகையும் இழப்பார், நானும் இழந்தேன். தண்ணீர் எங்கே நிற்கிறது, வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து, அந்த இடத்தை விரும்புகிற கன்றை அங்கே வைத்தால் பாதி வேலை முடிந்தது. மற்றபடி, இல்லாமல் இருக்கவே முடியாது என்கிற நாலைந்து செடிகளுக்கு மட்டும் மேடு கட்டுங்கள்.

முதல் வேலை: மண்ணைக் கையால் பாருங்கள்

ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, கல் வேர் எல்லாம் பொறுக்கிவிட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு ரொட்டி மா மாதிரிப் பிசையுங்கள். பிறகு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து மெல்ல நசுக்கி நாடா மாதிரி வெளியே தள்ளுங்கள். ஒரு அங்குலம் வருவதற்குள் உடைந்துவிட்டால் கவலையில்லை. இரண்டு அங்குலத்துக்கு மேல் உடையாமல் தொங்கினால் அது நல்ல களிமண். எங்கள் வளவில் மூன்று அங்குலம் வந்தது, மகன் அதில் பாம்பு செய்து வெயிலில் காயவைத்தான்.

இன்னும் சந்தேகமென்றால் ஒரு ஜாம் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சம் தண்ணீர், நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்காரும். வண்டல் சில மணித்தியாலத்தில். களி அடுத்த நாளும் தண்ணீரைக் கலக்கலாகவே வைத்திருக்கும்.

ஆனால் இதைவிட முக்கியமானது குழிச் சோதனை, இதை மட்டும் தவறவிடாதீர்கள். ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம் தோண்டுங்கள். தண்ணீர் நிரப்பி முழுதாக வடிய விடுங்கள், எவ்வளவு நேரம் எடுத்தாலும் சரி. பிறகு இரண்டாவது தடவை நிரப்பி, ஒரு தடியை நட்டு, மணித்தியாலத்துக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று குறியுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் மூன்று அங்குலம் வரை என்றால் பெரும்பாலான செடிகள் வாழும். ஒரு அங்குலத்துக்குக் குறைவென்றால் அங்கே ஈரம் விரும்பிகள் மட்டும்தான். வளவில் ஒரு இடத்தில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். குறைந்தது மூன்று இடம். எங்கள் பின்கதவுக்குப் பக்கத்தில் இரண்டு அங்குலம் இறங்கியது. பதினைந்து அடி தள்ளி, பின்மதிலடியில், அடுத்த நாள் காலையிலும் குழியில் தண்ணீர் நின்றது, ஒரு தவளை வேறு குடிவந்திருந்தது.

தோண்டும்போது நிறத்தையும் மணத்தையும் கவனியுங்கள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் சாம்பல் புள்ளி புள்ளியாக இருந்தால் வருடத்தில் பல மாதம் அங்கே காற்றில்லாமல் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். கூழ்முட்டை மணம் வந்தால் கேட்கவே வேண்டாம். கட்டடம் கட்டிய மேசன்மார் புதைத்துவிட்டுப் போன சீமெந்துக் கட்டி, ஓட்டுத்துண்டு, சீமெந்துப் பை எல்லாம் வரும், அவற்றை ஒரு பக்கமாகக் குவியுங்கள், பிறகு அதைப்பற்றிச் சொல்கிறேன்.

கொழும்பென்றாலே களிமண் என்றும் இல்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடல் பக்க ஒழுங்கைகளில் இருப்பவர்களுக்கு மணல்தான் வரும், அவர்கள் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். கால்வாய்ப் பக்கம், நாரஹேன்பிட்டி, கொலன்னாவை, வத்தளை, அத்திடிய பக்கம் தாழ்வில் இருப்பவர்கள் தொடருங்கள்.

வெயில் கணக்கு

இதில்தான் அதிகம் பேர் தவறு விடுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பின்வளவைப் பார்த்து "நல்ல வெயில் இருக்கு" என்று முடிவெடுத்துக் கன்று வாங்கப் போகிறார்கள்.

கொழும்பு பூமத்தியரேகைக்கு ஏழு பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் முதற் கிழமையிலும் செப்டம்பர் முதற் கிழமையிலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த இரண்டுக்கும் நடுவில், அதாவது ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் முடியும் வரை, நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து போகும். மிச்ச மாதங்களில் தெற்குப் பக்கம். இதனால் வருடம் முழுக்க ஒரே மதிலின் நிழல் ஒரே இடத்தில் விழாது. வளவின் தெற்கில் ஆறடி மதில் இருந்தால் டிசம்பரில் நடுப்பகலிலும் மூன்றரை அடி வரை அதன் நிழல் உங்கள் பக்கம் விழும், ஜூனில் அதே இடம் பொரியும். தெற்கில் இருப்பது மதிலல்ல, இரண்டு மாடி வீடு என்றால் டிசம்பர் நிழல் பன்னிரண்டு பதின்மூன்று அடிக்கு நீளும். வடக்கு மதிலுக்கு இதன் எதிர்மாறு, ஜூனில்தான் நிழல், அதுவும் இரண்டு அடிக்குள்.

சரி, இதற்காக ஒரு வருடம் காத்திருக்கவா முடியும்? வேண்டாம். ஒரு நாள் காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து வரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாடி ஜன்னலில் நின்று போனில் ஒரு படம் எடுங்கள், எல்லாப் படமும் ஒரே கோணத்தில். எந்த இடத்தில் எத்தனை மணித்தியாலம் நேர்வெயில் என்று ஒரு தாளில் கீறுங்கள். ஆறு மணித்தியாலத்துக்கு மேல் என்றால் முழு வெயில். மூன்றிலிருந்து ஆறு வரை அரை நிழல். அதற்குக் கீழே நிழல். பிறகு தெற்கு எந்தப் பக்கம் என்று பார்த்து, ஆறு மாதத்தில் எந்த மூலை மாறும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

காலை வெயிலும் மாலை வெயிலும் ஒன்றல்ல என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கிழக்குப் பக்கம் திறந்து காலை பத்து மணி வரை மட்டும் வெயில் வருகிற இடம் நிழல்செடிகளுக்குச் சொர்க்கம். மேற்கே திறந்து இரண்டு மணிக்குப் பிறகு அடிக்கிற இடத்திலும் கணக்குப்படி அதே அளவு மணித்தியாலம்தான், ஆனால் பேர்னும் பீஸ் லில்லியும் அங்கே கருகிப்போகும்.

அதைவிட, மதில் நிழல் வேறு, மர நிழல் வேறு. பக்கத்து வளவுப் பலா மரத்தின் கிளை எங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதன் கீழே நிழல் இருக்கிறது, ஆனால் ஈரத்தையெல்லாம் பலா வேர் உறிஞ்சிவிடும், ஜனவரி பெப்ரவரியில் மண் சட்டி மாதிரி இறுகும். மதிலடியில் நிழலும் ஈரமும் சேர்ந்தே இருக்கும். இரண்டையும் "நிழல்" என்று ஒரே பட்டியலில் போட்டால் ஒரு பக்கத்துச் செடி சாகும்.

இடம் பார்த்துக் கன்று

இப்போது உங்கள் தாளில் சில வட்டங்கள் இருக்கும். என் தாளில் இருந்தவற்றை வைத்தே சொல்கிறேன்.

தண்ணீர் நிற்கிற இடம், மூன்று நாலு மணித்தியால வெயில். எல்லாரும் பயப்படுகிற மூலை இதுதான், எனக்கென்றால் இதுதான் வளவிலேயே விருப்பமான இடம். ரம்பையை இங்கே வையுங்கள். ஒரு பக்கக்கன்று போதும், இரண்டு வருடத்தில் ஒழுங்கை முழுக்கக் கொடுக்கலாம், ஈரம் நின்றாலும் நிழல் விழுந்தாலும் முகம் சுளிக்காது. பொன்னாங்காணியைச் சந்தையில் வாங்கிய கட்டிலிருந்தே நடலாம், இலையை ஆய்ந்து வறைக்கு எடுத்துவிட்டு முற்றிய தண்டை நான்கு அங்குலத்துக்கு வெட்டி ஈரமண்ணில் குத்திவிட்டால் சரி. வல்லாரையும் அப்படித்தான், வேரோடு வருகிற கட்டாகப் பார்த்து வாங்குங்கள். கங்குனுக்கு வெயில் கொஞ்சம் கூட வேண்டும், அரை நிழலில் இலை வரும், ஆனால் தண்டு நீண்டு மெலிந்து போகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கொழும்பின் சின்னக் காணிகளில் மலசலக் குழியும் பின்வளவும் ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குழிக்குப் பக்கத்திலோ, காண் தண்ணீர் ஏறி வருகிற இடத்திலோ பச்சையாகச் சாப்பிடுகிற கீரையை வைக்காதீர்கள். வல்லாரைச் சம்பல் அவ்வளவு அவசியமென்றால் வாளியில் நடுங்கள், வாளியிலும் நன்றாகவே வரும்.

இன்னும் ஈரம் கூடிய, சேறு மாதிரிக் கிடக்கிற இடத்துக்குக் கொஹில என்கிற கிழங்குச் செடி. அதன் இயற்கையான வீடே சதுப்புதான். கிழங்குத் தண்டைச் சந்தையில் விற்பார்கள், கணுவுள்ள துண்டொன்றை நட்டால் வரும். முள் இருப்பதால் சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிகிற பக்கம் வேண்டாம். பூவுக்கென்றால் கல்வாழை. தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு நிற்கும், அரை நாள் வெயில் கிடைத்தால் பூக்கும், கிடைக்காவிட்டால் இலையாவது அழகாக நிற்கும்.

ஈரம், ஆனால் தண்ணீர் நிற்காது, காலை வெயில் மட்டும். இதுதான் அரை நிழல் வளவின் நடு இடம், தெரிவும் இங்கேதான் கூட. ஹெலிகோனியா தாராளமாக வரும். கிழங்கு பரவி மூன்று வருடத்தில் பாதையை மறிக்கும் என்பதால் பழைய தகரத்தையோ ஓட்டையோ ஒரு அடி ஆழத்துக்குச் சுற்றிப் புதைத்துவிட்டு நடுங்கள். தெபு நடலாம். சுருள் சுருளாக ஏறுகிற தண்டும் வெள்ளைப் பூவும் பார்க்கவே நன்றாக இருக்கும், இளம் இலையைச் சிங்கள அயலவர்கள் மல்லுங்குக்கு எடுப்பார்கள், பக்கத்து வீட்டு அன்ரி எனக்குக் காட்டித்தந்த பிறகு எங்கள் வீட்டிலும் தேங்காய்ப்பூவோடு வறுக்கிறோம். சாமிப் பூவுக்கு நந்தியாவட்டை. மூன்று மணித்தியால வெயிலோடு பூக்கிற வெள்ளைப் பூ எனக்குத் தெரிந்து வேறு அதிகம் இல்லை. செவ்வரத்தையும் களிமண்ணைப் பொறுக்கும், ஆனால் நான்கு மணித்தியால வெயிலாவது இல்லாவிட்டால் உயரமாக வளர்ந்து மதிலுக்கு அந்தப்பக்கம் போய்ப் பக்கத்து வீட்டாருக்குத்தான் பூக்கும்.

எக்ஸோராவைப்பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மண்ணின் புளிப்பு அதற்குப் பிடிக்கும், அரை நிழலிலும் பூக்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஆனால் புதிதாகக் கட்டிய மதிலோரம் வரிசையாக நடுகிறார்கள் பாருங்கள், அங்கே சில மாதத்தில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பசளை போதவில்லை என்று இன்னும் போடுவார்கள். பிரச்சினை பசளையல்ல. மதிலடியில் விழுந்த சாந்தும் சீமெந்தும் மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடுவதால் மண்ணில் இருக்கிற இரும்பைக்கூடச் செடியால் எடுக்க முடியவில்லை. முதலில் குவித்து வைத்த கட்டட இடிபாட்டை ஏன் வெளியே எடுக்கச் சொன்னேன் என்பது இப்போது விளங்கும். மதிலிலிருந்து இரண்டு அடி தள்ளி நடுங்கள்.

மதிலடி, நேர்வெயிலே இல்லை. பீஸ் லில்லி, அக்லோனிமா, சிங்கோனியம், டிஃபன்பாக்கியா, சேம்பு மாதிரி இலையுள்ள ஹபரல, சாதாரண வாள் பேர்ன். இவற்றில் எதையும் கொன்றுவிடுவது கஷ்டம். பேர்னைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வாயில் வைத்தால் நாக்கை எரித்து வீங்கவைக்கும் சாறு இருக்கிறது, தவழுகிற பிள்ளையோ இலை கடிக்கிற நாயோ உள்ள வீடென்றால் பேர்னோடு நில்லுங்கள். மணி பிளான்ற் தரையில் விட்டால் மரத்தில் ஏறி, இலை முறம் அளவுக்குப் பெருத்து, அப்புறம் இறக்கவே முடியாது.

மர நிழல், காய்ந்த களி. இங்கே பெரிய ஆசை வேண்டாம். வேரை வெட்டித் தோண்டாமல், வேருக்கு நடுவில் சின்னச் சின்னக் குழி போட்டு, பேர்னும் பாம்புத்தாளும் (ஸ்னேக் பிளான்ற்) வையுங்கள். புல்லுக்கு ஆசைப்படுகிறவர்கள் மலேசியன் புல் என்று துண்டு துண்டாக விற்கிற அகல இலைப் புல்லைப் பார்க்கலாம், மெல்லிய இலைப் புல்லைவிட அது நிழலைத் தாங்கும். அடர்ந்த நிழலில் அதுவும் வராது. எனக்கு வரவில்லை, இப்போது அங்கே பலா இலைதான் விரிப்பு. மஞ்சள் பூவோடு தரையெல்லாம் படருகிற வெடெலியாவை யாராவது இலவசமாகத் தந்தால் வாங்காதீர்கள். கால்வாய்க் கரை, சதுப்பு என்று போய் மற்றதையெல்லாம் மூடுகிற செடி அது, ஆக்கிரமிப்புத் தாவரமாகவே இலங்கையில் கணிக்கப்படுகிறது.

நிலத்தில் வைக்கவே வேண்டாதவை

முருங்கை, கறிவேப்பிலை, தேசி, மல்லிகை. எங்கள் ஆட்கள் முதலில் வாங்குகிற நாலும் இவைதான். முதல் மூன்றும் வேரில் தண்ணீர் நின்றால் அழுகும். மல்லிகை சாகாது, ஆனால் அரை நிழலில் கொடியும் இலையுமாக வளர்ந்து பூ மட்டும் தராது. குரோட்டனை நிழலில் வைத்தால் நிறமெல்லாம் போய் வெறும் பச்சையாகிவிடும். அந்தூரியத்துக்கு மண்ணே ஆகாது, களிமண் எப்படி ஆகும்? அதைச் சாடியில் தேங்காய் மட்டைத் துண்டு, கரி, உடைந்த செங்கல் போட்டு வையுங்கள்.

இஞ்சியும் மஞ்சளும் நடுவாந்தரம். நிழலைத் தாங்கும், மஞ்சள் அரை நிழலில் நன்றாகவே வரும், ஆனால் கிழங்கு தண்ணீரில் அழுகும். ஆகவே மேட்டில்.

மேடு போடுவது

களிமண்ணில் ஆழக் குழி தோண்டி, அதில் கூட்டெரு, தும்புத்தூள், வாங்கிய மண் எல்லாம் கலந்து நிரப்பிக் கன்று வைப்பதுதான் எல்லாரும் செய்வது. நான் முதல் வருடம் ஒன்பது குழி அப்படிப் போட்டேன். மழை பெய்தபோது அந்த ஒன்பதும் சிறு கிணறுகள் ஆயின. சுற்றியுள்ள களி தண்ணீரை விடாது, நடுவிலுள்ள மெத்தென்ற மண் அக்கம்பக்கத்துத் தண்ணீரையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும். ஓட்டையில்லாத சட்டிக்குள் கன்றை வைத்ததற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. அடியில் கல் போட்டால் வடியும் என்பார்கள். வடியாது, வடிந்து போவதற்கு வேறு இடம் இல்லாதபோது கல்லுக்குள்ளும் தண்ணீர்தான் நிற்கும். தேங்காய் மட்டை புதைப்பதும் ஈரத்தைப் பிடித்து வைக்கத்தான், வரண்ட மணலில் நல்ல வேலை, இங்கே வேண்டாத வேலை.

மணல் கலக்கிற யோசனையையும் விடுங்கள். இரண்டு மூன்று பை மணலைக் களியில் கலந்தால் இளகாது, இறுகும். பாதிக்குப் பாதி கலந்தால்தான் பலன், அந்தப் பாதிக்கு இன்றைய மணல் விலையில் ஒரு சின்ன அறை கட்டலாம்.

கீழே போகாதீர்கள், மேலே வாருங்கள். எட்டு அடி நீளம், மூன்று அடி அகலம், ஒரு அடி உயரத்தில் ஒரு பாத்தி. மூன்று அடி அகலம் ஏனென்றால் இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. கபுக் கல்லோ பழைய செங்கலோ அடுக்கிக் கட்டலாம், சாந்து பூச வேண்டாம், இடுக்கால் தண்ணீர் வெளியேறட்டும். வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டாதீர்கள், சுவர் ஈரம் குடிக்கும். இந்த அளவுக்கு 24 கன அடி மண் பிடிக்கும். மண் விற்கிறவர்கள் கியூப் கணக்கில்தான் பேசுவார்கள், ஒரு கியூப் 100 கன அடி, ஆகவே வளவு மண், எரு எல்லாம் சேர்த்தே கால் கியூப்தான். முழு லொறியும் எடுத்தால்தான் லாபம் என்று சொல்வார்கள், மயங்காதீர்கள்.

நிரப்புவதற்கு முன் கீழேயுள்ள களியை அலவாங்கால் ஒரு அடிக்கு ஒன்றாகக் குத்தி ஆட்டிவிடுங்கள், புரட்ட வேண்டியதில்லை. பிறகு வளவு மண் பாதி, மிச்சப் பாதியில் கூட்டெரு, மக்கிய மாட்டெரு, கொஞ்சம் உமிக்கரி. தும்புத்தூளை அளவாகப் போடுங்கள், தண்ணீரைப் பிடிக்கிற பொருள் அது, நமக்கு இங்கே அது குறைவாக இல்லை. மரக்கறி வைக்கிற பாத்தியென்றால் டொலமைற் கொஞ்சம் தூவிப் புளிப்பைக் குறைக்கலாம், பொதியில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் வேண்டாம், எக்ஸோரா பக்கம் கொண்டுபோகவும் வேண்டாம்.

இந்த வேலையை மழையில் செய்யாதீர்கள். ஈரக் களியைத் தோண்டினால் அதற்குள் இருக்கிற கொஞ்சக் காற்றும் நசுங்கிச் செத்துவிடும், பிறகு காயும்போது ஓடு மாதிரி இறுகும். ஒரு பிடி எடுத்து உருட்டி மார்பு உயரத்திலிருந்து போடுங்கள். தெறித்து உடைந்தால் தோண்டலாம். தட்டையாகி ஒட்டிக்கொண்டால் இன்னும் நாலு நாள் பொறுங்கள். பொதுவாக ஜனவரி, பெப்ரவரியும் ஓகஸ்ட் மாதமும் மேடு கட்ட வசதி. நடுவதை மார்ச்சில் முதல் மழைகள் வரும்போதும், அதைத் தவறவிட்டால் செப்டம்பரிலும் வையுங்கள், பெருமழைக்கு முன் வேர் ஊன்ற ஒரு மாதமாவது கிடைக்கும்.

நடும் நாள்

கன்று வாங்கப் பத்தரமுல்லைப் பக்கம் போகிறவர்கள், உங்கள் தாளையும் கொண்டுபோங்கள். பெரிய செடியைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், களிமண்ணில் சின்னக் கன்று சீக்கிரம் பழகும். பையைத் தூக்கி அடியைப் பாருங்கள், வேர் சுற்றிச் சுற்றிக் கயிறாகியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஒருமுறை "நிழலிலும் நல்லா வரும்" என்று சொல்லி ஒரு விற்பனையாளர் எனக்கு ரோசா தந்தார், அதைப்பற்றி மேலே எதுவும் எழுதவில்லை.

களிநிலத்தில் நேரே நடும்போது குழி கன்றுப்பையின் உயரத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும், அகலம் இரண்டு மூன்று மடங்கு. மண்வெட்டி வெட்டிய பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கும், அதை வேர் துளைக்காது, ஒரு கம்பியால் கீறி விடுங்கள். கன்றின் மண்கட்டி தரைமட்டத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலம் மேலே நிற்கட்டும். தோண்டிய அதே மண்ணைத் திருப்பிப் போட்டு, சுற்றிச் சாய்வாக அணையுங்கள். காலால் மிதிக்க வேண்டாம், கையால் அழுத்தினால் போதும். கூட்டெருவைக் குழிக்குள் போடாமல் மேலே போடுங்கள், மண்புழு மிச்ச வேலையைப் பார்க்கும்.

அதற்கு மேல் இரண்டு மூன்று அங்குலம் காய்ந்த இலை, கிளிசரியா குழை, எது கிடைக்கிறதோ அது. தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளி. வெறும் களியில் மழைத்துளி நேரே விழுந்தால் மேல்மண் சாந்து பூசிய மாதிரி அடைத்துக்கொள்ளும், இலை விரிப்பு அதைத் தடுக்கும். வருடத்துக்கு இரண்டு முறை மேலே போட்டுக்கொண்டே வந்தால் மூன்றாவது வருடம் அந்த நாடாச் சோதனையைத் திரும்பச் செய்து பாருங்கள், மேல் நாலு அங்குலம் வேறு மண்ணாக இருக்கும்.

நடக்கிற வழியை முதலிலேயே முடிவுசெய்து கல் பதித்துவிடுங்கள். ஈரக் களியில் ஒவ்வொரு மிதியும் கணக்கில் சேரும்.

இன்னொன்று, இது கொழும்பு, டெங்கு ஊர். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் ஒரு கிழமையும் கொஞ்சமும்தான் வேண்டும். சாடிக்குக் கீழே வைக்கிற தட்டை எடுத்தெறியுங்கள். ஹெலிகோனியாப் பூவின் மடிப்பு, ஹபரல இலைக்கக்கம், அன்னாசி மாதிரி நடுவில் தண்ணீர் பிடிக்கிற புரோமீலியாட் எல்லாவற்றையும் கிழமைக்கு ஒருமுறை குழாயால் அடித்துக் கழுவுங்கள். புரோமீலியாட் வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி. குழிச் சோதனைக்குத் தோண்டிய குழிகளை மூடினீர்களா? நான் ஒன்றை மறந்துவிட்டு, பரிசோதகர் வந்தபோது தவளையைக் காட்டிச் சமாளிக்கப் பார்த்தேன். சரிவரவில்லை.

நத்தைக்கு மருந்து தேடி அலைய வேண்டாம். மழை விட்ட இரவில் டோர்ச்சோடு போய்ப் பொறுக்குங்கள், வெறுங்கையால் தொடாமல் ஒரு பையைக் கையில் மாட்டிக்கொண்டு. முதல் கிழமை வாளி நிறையும், மூன்றாவது கிழமை விரல்விட்டு எண்ணலாம்.

கறிவேப்பிலை இப்போது எங்கள் மேட்டின் மேற்கு முனையில், நாலரை மணித்தியால வெயிலில், மெதுவாகத்தான் வளர்கிறது என்றாலும் வாரத்துக்கு இரண்டு நெட்டு முறிக்க விடுகிறது. தேசி மொட்டை மாடியில் சாடியில். பின்மதிலடியில் ரம்பை இடுப்பளவு.

அம்மா போன மாதம் மறுபடி வந்தார், மறுபடி ஈரச் சாக்கு. இந்த முறை நான் முந்திக்கொண்டு ஒரு நீலப் பீப்பாயைப் பாதியாக வெட்டி, அடியில் பெருவிரல் பருமனில் பத்து ஓட்டை போட்டு, செங்கல்மேல் தூக்கி மாடியில் வைத்திருந்தேன். தடியை ஒரு நாள் நிழலில் காயவிட்டு, சாய்க்காமல் நேரே ஒரு அடி இறக்கி, ஈரம் காயும்வரை தண்ணீர் விடாமல் வைத்திருக்கிறோம். "இதுக்குள்ள எங்க காய்க்கப்போகுது" என்று அம்மா சொன்னார். இலைக்குத்தான் என்றேன்.